கோரைப்பள்ளத்தில் தங்கிவிட்ட இரவு

பங்குனி மாதம் பதினெட்டாம் தேதி கோரைப்பள்ளத்தில் விடியவில்லை. சேவல்கள் நேரத்துக்குக் கூவின, பால்காரர் நேரத்துக்கு வந்து படலைத் தட்டினார், மாதா கோவிலில் ஐந்தரைப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்தது, உப்பளத்துப் பெண்கள் தூக்குவாளியில் பழையதை ஊற்றிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குக் கிளம்பி வந்து கிழக்கே பார்த்தார்கள். கிழக்கே கடல் இருந்தது, கடலுக்கு மேலே இருட்டு இருந்தது, இருட்டில் நட்சத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. ஆறு மணி ஆனது, ஏழு ஆனது. எட்டரை மணி பஸ் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடையில், "வேப்பங்குளம் விலக்கு வரைக்கும் வெயிலு மண்டையப் பொளக்கு. அதுக்கு இங்கிட்டு உங்க ஊருல மட்டும் இருட்டாக் கெடக்கு. என்ன சமாச்சாரம்?" என்று கேட்டார். யாருக்கும் சமாச்சாரம் தெரியவில்லை. டிரைவர் டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸைத் திருப்பி, தாமதமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே வெயிலுக்குள் போனார்.

முதல் மூன்று நாள் ஊர் பயந்தது. மாதாவுக்குச் சப்பரம் தூக்கினார்கள், அம்மனுக்குக் கொடை நேர்ந்தார்கள், பள்ளிவாசலில் கூடித் தொழுதார்கள். நாலாம் நாள் பயம் அலுத்துவிட்டது. அதற்குள் இருட்டு எதுவரை என்று ஆட்கள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்: வடக்கே சாலை பிரியும் வேப்பங்குளம் விலக்கு, மேற்கே செம்மணல் தேரிக்காட்டின் விளிம்பு, மற்ற இரண்டு பக்கமும் கடல். விலக்கில் ஒரு மைல்கல் பாதி வெயிலிலும் பாதி இருட்டிலும் நின்றது. பெண்கள் மிளகாய் வற்றலையும் துவைத்த துணியையும் பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டு, சாயங்காலம் என்று கடிகாரம் சொன்னபோது மடித்து எடுத்துவந்தார்கள். பள்ளிக்கூடம் விளக்கு போட்டு நடந்தது. வியாழக்கிழமை நோன்பு பிடிக்கிறவர்கள் எப்போது திறப்பது என்று தெரியாமல் திகைக்க, பக்கத்து ஊர்ப் பொழுதை வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசலில் முடிவானது. மல்லிகைக் கொடிகள் சாயங்காலம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து ஓயாமல் பூத்தன. பூவுக்கு விலையில்லாமல் போய், ஆடுகள் கழுத்தில்கூடச் சரம் தொங்கியது.

உப்புதான் விளையவில்லை. பாத்திகளில் கட்டிய கடல்நீர் வெயில் இல்லாமல் தண்ணீராகவே நின்று நட்சத்திரங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் உப்பளத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பேச்சியம்மாள், முப்பது வருஷமாக வெள்ளை உப்பின் கூச்சத்தில் எரிந்த தன் கண்கள் இப்போதுதான் எரியவில்லை என்றாள். "சம்பாத்தியம் போச்சு, சரி. கண்ணு குளுந்திருக்கு. இருக்கத இல்லன்னு சொல்லப்பிடாது."

இந்த இருட்டு வந்ததற்கு ஜெசிந்தா டீச்சர்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வந்ததற்குத் தவளையைக் காரணம் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

ஜெசிந்தா மச்சாதுக்கு வயது நாற்பத்தாறு. ஊருக்குத் தெற்கே, யுத்த காலத்தில் போட்டுவிட்டுப்போன ஓடுதளத்தில், இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு சின்ன விமானத்தை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துவந்தாள். ஒரு காலத்தில் அவளுக்கு இராப்பறப்பு என்றால் உயிர். பகலின் காற்று சூட்டில் கொதித்து விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். ராத்திரியில் அதே காற்று உறைகுத்திய தயிர்போல அசையாமல் கிடக்கும், இறக்கை அதில் கத்திபோலப் போகும். கீழே ஊர்கள் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய கங்காகக் கிடக்கும். தனியாக ஒரு மோட்டார் சைக்கிள் தேரிக்காட்டு வழியில் தன் வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போவதை மூவாயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும்போது, அந்த முகம் தெரியாத ஆள் வீடு போய்ச் சேரும்வரை தான்தான் துணை என்று அவளுக்குத் தோன்றும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நிலா இல்லாத ஓர் இரவில், தவசிமுத்து என்ற மாணவனை இடதுபக்க இருக்கையில் உட்காரவைத்துக் கடல்பக்கம் திரும்பினாள். கடலில் நண்டுவலைப் படகுகளின் விளக்குகள், வானத்தில் நட்சத்திரங்கள், நடுவில் கோடு எதுவும் இல்லை. எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குப் புரியாமல் போனது. "டீச்சர், ஊசி சாயுது," என்றான் தவசிமுத்து. நேராகத்தான் போகிறோம் என்று அவள் உடம்பு சொன்னது. அவள் உடம்பை நம்பினாள். விமானம் கரையோரத் தண்ணீரில் விழுந்தது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. தவசிமுத்துவின் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது இருபத்திரண்டு வயது அவனுக்கு. பிறகு கட்டைக்கால் வைத்துக்கொண்டு உப்பு எடைபோடும் வேலையில் சேர்ந்துவிட்டான்.

இனிமேல் ராத்திரியில் பறக்கமாட்டேன் என்று அவள் மருத்துவமனை வாசலிலேயே சொன்னாள், சொன்னபடி இருந்தாள். இப்போது இரவே வந்து அவள் ஓடுதளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மெக்கானிக் பிச்சைக்கனி அண்ணாச்சி மட்டும் தினமும் காலையில் டார்ச்சோடு வந்து, பறக்காத விமானத்தின் எஞ்சினைக் கால்மணி நேரம் ஓட்டி நிறுத்துவார். "மிஷினுக்கு ராத்திரி பகலு தெரியாது டீச்சர். ஓட்டலன்னா அது சீக்கு வந்து படுத்துக்கிடும்," என்பார்.

இருபத்திரண்டாம் நாள் கோடைப் புயல் அடித்து, உப்பளங்களுக்கு நடுவே ஊருக்கு வரும் ஒரே சாலையை மூன்று இடத்தில் அறுத்துக்கொண்டு போனது. நடந்தால் கழுத்தளவு சேறு. வள்ளத்தை இறக்கினால் அலை திருப்பி எறிந்தது. மிளகாயும் துணியும் வீட்டிலேயே நமுத்துப்போயின. அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. பாம்புகளைத்தான் பொறுக்கமுடியவில்லை. இருட்டில் வெளியே வந்து வெளுக்குமுன் வளைக்குத் திரும்புகிற ஜாதி, வெளுக்காததால் திரும்பவே இல்லை. விறகிலும் பாயிலும் செருப்பிலும் இருந்தன. சுகாதார நிலையத்தில் இருந்த விஷமுறிவு மருந்து ஐந்து பேருக்குப் போட்டுத் தீர்ந்தது. இருபத்தாறாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பேச்சியம்மாளைக் கட்டுவிரியன் கடித்தது.

அது கடித்ததே அவளுக்குத் தெரியவில்லை. எறும்பு என்று நினைத்தாள். அரைமணி நேரத்தில் இமைகள் இறங்கின, பேச்சு குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை. நர்ஸ் ஹலீமா மூச்சுப் பையை எடுத்து அவள் முகத்தில் பொருத்தி அமுக்கத் தொடங்கினாள். புயலுக்கு முன்னால் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன டாக்டர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். "மருந்து இருக்கு, எப்படிக் கொண்டாரது?" என்றார் போனில். ஹெலிகாப்டர் கேட்டார்கள், விளக்கில்லாத இருட்டுக்குள் இறங்க முடியாது, சாலை சரியாகும்வரை பொறுங்கள் என்று பதில் வந்தது. பேச்சியம்மாளால் பொறுக்க முடியாது. அவள் மூச்சு இப்போது ஹலீமாவின் கையில் இருந்தது.

செய்தி கேட்டு ஜெசிந்தா ஓடுதளத்துக் கொட்டகைக்கு வந்தபோது விமானம் ஏற்கெனவே வெளியே நின்றது. பிச்சைக்கனி எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தார். இறக்கையைப் பிடித்துக்கொண்டு தவசிமுத்து நின்றான். ஒன்பது வருஷமாக இருவரும் தெருவில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

"நீ எதுக்கு வந்த?" என்றாள்.

"போறதுல வில்லங்கம் இல்ல டீச்சர். வாரதுலதான் இருக்கு." அவன் நிதானமாகப் பேசினான். "அங்கிட்டு உச்சி வெயிலு. அந்த வெயிலப் பாத்த கண்ணோட இருட்டுக்குள்ள வந்தீங்கன்னா, அரைமணி நேரம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஊசியும் தெரியாது, ஓடுதளமும் தெரியாது. நீங்கதான பாடம் நடத்துனீங்க?"

அவள்தான் நடத்தியிருந்தாள். மூன்றாம் பாடம்: வெளிச்சம் பட்ட கண் இருட்டுக்குப் பழக அரைமணி ஆகும்.

"அதனால நான் வாரேன். போகும்போதும் இருக்கும்போதும் கண்ணக் கட்டிக்கிடுதேன். திரும்பி உள்ள வந்ததும் அவுக்கேன். நான் ஊசியப் பாத்துச் சொல்லுதேன், நீங்க ஓட்டுங்க."

"இருபத்தாறு நாளா வெயிலப் பாக்கலியே நீ."

"பேச்சியம்மா பாக்கட்டும்."

அவள் இறக்கையையும் வாலையும் தடவிச் சோதித்தாள், எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். தவசிமுத்து சபரிமலைக்குப் போனபோது கட்டிய கறுப்புத் துண்டை மடியில் வைத்துக்கொண்டான். ஓடுதளத்தின் மறுமுனையில் இரண்டு உப்பு லாரிகள் விளக்கைப் போட்டு நின்றன. அந்த இரண்டு வெளிச்சத்துக்கு நடுவே விமானத்தை ஓடவிட்டாள். சக்கரம் தரையைவிட்டது, லாரிகள் வயிற்றுக்குக் கீழே போயின, பிறகு முன்னால் எதுவுமே இல்லை. கண்ணாடியில் யாரோ மை பூசிவிட்டதுபோல இருந்தது. அவள் வெளியே பார்க்காமல், வட்டக் கண்ணாடிக்குள் பொம்மை விமானமும் பொம்மை அடிவானமும் உள்ள கருவியைமட்டும் பார்த்து ஏறினாள். காற்று அசையாமல் கிடந்தது. ஒன்பது வருஷமாக உள்ளே இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று, அவளைக் கேட்காமல், கொஞ்சம் தளர்ந்தது.

"கட்டிக்கோ," என்றாள். அவன் கண்களைக் கட்டி, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டான். அடுத்த நிமிஷம் இரவு முடிந்தது, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவர் தலையை வெளியே நீட்டியதுபோல.

அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். வெயில் முகத்தில் அறைந்தது, கண்ணீர் கொட்டியது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"தேரி மண்ணு சேப்பா இருக்கு, தவசி. இவ்வளவு சேப்புன்னு மறந்தே போச்சு. உடைமரம், நெழலு. ஒவ்வொண்ணுக்கும் நெழலு இருக்கு. ஒரு ஆளு மாட்டக் குளிப்பாட்டுதான். நம்மளப் பாத்து கையக் காட்டுதான்."

"நீங்களும் காட்டுங்க," என்றான் தவசிமுத்து, கட்டிய கண்ணோடு சிரித்தபடி.

மாவட்டத் தலைநகரத்து விமான நிலையத்தில் டாக்டரே ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை ஒரு கணம் பார்த்தார், பெட்டியை அவன் மடியில் வைத்து அவன் கைகளை அதன்மேல் எடுத்து வைத்தார். "மூச்சு இருக்கு," என்றார். "அமுக்கிக்கிட்டேதான் இருக்காங்க."

அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹலீமாவின் கை ஓய்ந்தபோது பேச்சியம்மாளின் மகள் வாங்கினாள், அவளுக்குப் பிறகு உப்பளத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு இருநூறு அமுக்கு. கூடை சுமக்கும்போது பாடுகிற எண்ணிக்கைப் பாட்டின் தாளத்தில், மெதுவாக, விடாமல். மாதா கோவிலிலிருந்து சாமியாரும் பள்ளிவாசலிலிருந்து பாங்கு சொல்லும் மோதினாரும் வந்து வரிசையில் நின்றார்கள். நீங்கள் ஜெபியுங்கள் சாமி என்று யாரோ சொன்னதற்கு, "அத இங்க நின்னுக்கிட்டும் செய்யலாம்," என்றார் சாமியார்.

ஓடுதளத்திலும் வேலை நடந்தது. லாரி வெளிச்சம் இரண்டு புள்ளிதான். தரை எங்கே ஆரம்பிக்கிறது, அகலம் எவ்வளவு என்று அது காட்டாது. ஓலை போட்டு மூடிய போன வருஷத்து உப்பு அம்பாரங்களைப் பிரித்து, ஓடுதளத்தின் இரண்டு ஓரத்திலும் கோலம் போடுவதுபோல உப்பைக் கொட்டச் சொன்னார் பிச்சைக்கனி. தலைமாற்றித் தலைமாற்றிக் கூடைகள் போயின. "உப்பு பட்டா இரும்பு என்னத்துக்காகும்? நாளைக்கு நான்தான உக்காந்து கழுவணும்?" என்று திட்டிக்கொண்டே அவரும் கொட்டினார்.

வானத்திலிருந்து பார்க்கையில் இரவு தரையில் வைத்த கருங்கல் அணைபோலத் தெரிந்தது. ஜெசிந்தா அதன் முகத்துக்கு நேராக விமானத்தைச் சமன்செய்து, மூச்சை இழுத்துக்கொண்டு, உள்ளே போனாள்.

குருடானாள். கண்ணுக்கு முன்னால் சூரியனின் பச்சைத் தழும்பு ஒன்று மிதந்தது. கருவிகள் இல்லை, நட்சத்திரம் இல்லை, தன் கைகள்கூட இல்லை.

"அவுத்துட்டேன்," என்றது தவசிமுத்துவின் குரல். "ஊசி எல்லாம் தெளிவாத் தெரியுது. உயரம் ரெண்டாயிரத்து நூறு. நேரா இருக்கோம்."

சிறிது நேரம் நேராக இருந்தார்கள். பிறகு அவளுக்கு விமானம் வலதுபக்கம் சாய்வதாகத் தோன்றியது. தோன்றியது என்றால் லேசாக அல்ல. காதுக்குள், வயிற்றுக்குள், எலும்புக்குள் அது சாய்ந்தது. விழப்போகிற குழந்தையைப் பிடிக்க நீளும் கைபோல அவள் கை தானாக இடதுபக்கம் போனது.

"டீச்சர், இடது சாயுது."

"வலது," என்றாள்.

"இடதுதான் டீச்சர். பத்து பாகை. பதினஞ்சு."

அவன் குரல் ஏறவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள் என்று எத்தனையோ இரவு படுக்கையில் நினைத்திருக்கிறாள். அவள் உடம்பு முழுக்க ஒரே குரலாகப் பொய் சொன்னது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த உடம்பையே எதிர்த்து, கையை வலதுபக்கம் தள்ளினாள். தலைகீழாகக் கவிழ்வதுபோல இருந்தது. தள்ளினாள்.

"பத்து. அஞ்சு. போதும். நேரா இருக்கோம்."

"நேரா இருக்கோமா?"

"இருக்கோம் டீச்சர். என்னைய நம்புங்க."

"நம்பிட்டேன்," என்றாள். அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

அவன் சொல்லச் சொல்ல இறங்கினாள். ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரம். லாரி விளக்குகள் அவனுக்குத் தெரிந்தன. கொஞ்சநேரம் கழித்து பச்சைத் தழும்பின் ஓரத்தில் அவளுக்கும் மங்கலாகத் தெரிந்தன. சுற்றிலும் ஒன்றுமில்லாத இருட்டில் இரண்டு விளக்குமட்டும் தெரிந்தால், உயரமாக இருக்கிறோம் என்று கண் ஏமாற்றும். ஏமாந்தவர்கள் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையில் மோதியிருக்கிறார்கள். அவள் கண் அதையே சொன்னது: இன்னும் இறங்கு.

"தாழ இருக்கோம். ஏத்துங்க, ஏத்துங்க. இந்தா, அப்படியே வாங்க." திடீரென்று அவன் குரல் முதல்தடவையாக உடைந்தது. "டீச்சர், உப்பு! உப்பு போட்டிருக்காவ!"

விமானத்தின் விளக்கு பட்டு, தரையிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் எழுந்து ஓடிவந்தன. பாதிக் கண்ணுக்கும் தெரிகிற வெள்ளை. அவள் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே விமானத்தை வைத்தாள். ஒரு சக்கரம் முதலில் பட்டது, எகிறியது, பிறகு இரண்டும் பட்டன, உப்பு இருபுறமும் தெறித்தது. விமானம் நிற்பதற்கு முன்னாலேயே யாரோ கதவைத் திறந்து ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மணி பகல் பன்னிரண்டு நாற்பது.

மருந்து ஏறியது. பாட்டும் அமுக்கும் அன்று ராத்திரி பதினொன்றுவரை நிற்கவில்லை. மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும் என்று ஹலீமா சொல்லியிருந்தாள். ஊரில் கை வலிக்காதவர் யாருமில்லை. பதினொன்றேகாலுக்குப் பேச்சியம்மாளின் நெஞ்சு தானாக ஒருமுறை எழும்பியது, பிறகு இன்னொரு முறை. மறுநாள் இமைகளைப் பாதி தூக்கி, கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, அவள் பேசிய முதல் பேச்சு: "யாருட்டி என்னைய இந்தப் போடு போட்டது? பலூன்னு நெனச்சீங்களாக்கும்?" மகள் அழுதாள். மோதினார் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு சாலை சரியாகும்வரை ஜெசிந்தாவும் தவசிமுத்துவும் தினமும் போய்வந்தார்கள்: மருந்து, பால்மாவு, ஒருதடவை பரீட்சைத் தாள்கள். ஒவ்வொருமுறையும் உப்புக் கோடுகளைப் பெண்கள் புதுப்பித்தார்கள், ஒவ்வொருமுறையும் பிச்சைக்கனி சக்கரங்களைக் கழுவினார். தவசிமுத்து ஒருநாளும் வெயிலில் துண்டை அவிழ்க்கவில்லை. வழிநெடுக என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வருவான். அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள், பதினான்கு நாளில் அவளுக்குத் தொண்டை கட்டியது.

நாற்பத்தோராம் நாள் காலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கோரைப்பள்ளத்தில் விடிந்தது. மேளம் இல்லை, அறிகுறி இல்லை. கிழக்கே சாம்பல் பூத்தது, பிறகு சிவந்தது, பிறகு சூரியன் எதுவும் நடக்காததுபோல வந்து நின்றது. ஜனங்கள் தெருவில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் கொஞ்சம் வெளுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு வெக்கை தாங்கவில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. மூன்றாம் நாள் பாத்திகளில் உப்பு பூத்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களை வேலை வாங்கிய பேச்சியம்மாள், கண் எரிகிறது என்று வைதுகொண்டிருந்தாள்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலமும் மற்ற ஊர்களில் பொழுது சாய்ந்த நேரத்துக்கே கோரைப்பள்ளத்திலும் பொழுது சாய்ந்தது. ஏழரை மணிக்கு, சாதாரணமான இருட்டு இறங்கி, நிலா இன்னும் வராத நேரத்தில், ஜெசிந்தா கொட்டகைக்கு வந்து பூட்டைத் திறந்தாள். பிச்சைக்கனி வீட்டுக்குக் கிளம்பியவர் திரும்பி வந்தார்.

"என்ன டீச்சர், யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பெறவு எதுக்கு?"

"சும்மாத்தான்."

பிச்சைக்கனி தலையைச் சொறிந்துகொண்டே போய் எண்ணெய் அளவைப் பார்த்தார். எடைமேடையிலிருந்து வரச்சொல்லி ஆளனுப்பியதால் தவசிமுத்துவும் வந்து, பழக்கத்தில் வலதுபக்கக் கதவைத் திறக்கப் போனான். ஜெசிந்தா அதற்குள் அங்கே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு, ஓட்டுகிறவர் உட்காரும் இடதுபக்க இருக்கையைக் காட்டினாள்.

"டீச்சர், காலு?" என்றான். விமானத்தின் வாலைத் திருப்பும் மிதிகளை இரண்டு காலாலும் மிதிக்கவேண்டும்.

"மிதிச்சுப் பாரு. வரலன்னா அண்ணாச்சிகிட்டச் சொல்லி மிதிய மாத்துவோம். எந்திரிச்சு நிக்கத்துக்கு ஒனக்கு எத்தன நாளு ஆச்சு?"

"ஏழு மாசம்."

"இதுக்கும் ஏழு மாசம் ஆகட்டும். எனக்கு வேற சோலி இல்ல."

அவன் ஏறி உட்கார்ந்து, கட்டைக்காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியில் வைத்தான். மிதித்தான். மரம் கிறீச்சிட்டது, வால் மெல்ல அசைந்தது. திரும்பவும் மிதித்தான், இன்னும் அழுத்தி. பிச்சைக்கனி பின்னாலிருந்து, "வருது, வருது," என்று கத்தினார்.

எழும்பும்போது கொஞ்சம் கோணலாகத்தான் எழும்பினார்கள். ஆயிரம் அடியில் காற்று அடங்கியது. கீழே கோரைப்பள்ளம் தன் விளக்குகளை ஏற்றியிருந்தது, அதற்கப்பால் பாத்திகளில் புது உப்பு மங்கலாக வெளுத்தது, அதற்கும் அப்பால் படகு விளக்குகளும் நட்சத்திரங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எந்தப் பக்கம் என்று தவசிமுத்து கேட்டான். ஒனக்கு எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் என்றாள் அவள். அவன் ஊசியை ஒருமுறை பார்த்தான், அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான், பிறகு விமானத்தைக் கடலின் பக்கம் திருப்பினான். ஜெசிந்தா கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.